பின்னிணைப்பில் தம்பியின் பார்

என் தம்பி கடலில் ஒரு குறிப்பிட்ட திக்கில் படகைத் திருப்பினால், முதல் வேலையாகத் தோளில் கிடக்கும் தோர்த்துத் துண்டை எடுத்து ஜிபிஎஸ் கருவியின் மேல் போட்டு மூடுவான். படகில் இருப்பது அவனுடைய சொந்த மச்சினன்மார் இரண்டு பேர்தான். அவர்களுக்கும் அந்தத் திரை தெரியக்கூடாது. அவர்களும் கோபித்துக்கொள்வதில்லை. ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்து பீடி பற்றவைப்பார்கள். பெண் கொடுத்த வீட்டாருக்கே இந்த மரியாதை என்றால், மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படி மூடி மறைக்க அங்கே என்ன இருக்கிறது? கடலுக்கடியில் ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. எங்கள் கரையில் அதைப் பார் என்பார்கள். பாரில்தான் மீன் தங்கும். கலவாயும் விளமீனும் கணவாயும் அங்கேதான் கிடைக்கும். பார் இல்லாத வெறும் சேற்றுத் தரையில் தூண்டில் போட்டால் தூண்டிலைக் குளிப்பாட்டிக் கொண்டு வரலாம், அவ்வளவுதான். இந்தப் பாரை என் தம்பி யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. மூன்று வருஷம் டீசலை எரித்து, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி இறக்கி, தானே தேடிக் கண்டுபிடித்தான். அதன் எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். அதையும் சரியாக எழுதவில்லை. ஒவ்வோர் எண்ணோடும் வேறொன்றைக் கூட்டி எழுதியிருக்கிறான். கூட்டியது எவ்வளவு என்பது அவன் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது. நோட்டைத் திருடினவன் நடுக்கடலில் சேற்றைக் கிளறிவிட்டு வரவேண்டியதுதான்.

இது அவன் ஒருவனுடைய கோட்டித்தனம் இல்லை. எங்கள் கரையில் எல்லோரும் இப்படித்தான். "எங்க கிட்டிச்சு?" என்று கேட்பதே மரியாதைக் குறைவு. கேட்டால், "கடல்லதான்" என்று பதில் வரும். பாரைப் பற்றிச் சொல்லும் பொய்யை யாரும் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. தேவாலயத்தில் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொல்வது கிடையாது. சாமியாரும் கேட்பதில்லை. நானும் இதே கரையில் பிறந்தவள்தான். கல்யாணமாகிக் கோட்டாற்றுக்கு வந்து, ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கூடப் பிறந்தவள் என்றாலும், அந்தப் பார் கிழக்கா மேற்கா என்று ஒருநாளும் தம்பியிடம் கேட்டதில்லை. அவன் வீட்டில் உலை கொதிப்பதும், அவன் மகள் பெங்களூரில் நர்சிங் படிப்பதும் அந்தப் பாரால்தான் என்பது மட்டும் தெரியும். அது போனால் அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஒருநாள் கல்லூரி அலுவலகத்துக்கு ஓர் அரசுத் துறையிலிருந்து அழைப்பு வந்தது. கடலுக்கடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிற வேலையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதைப் பற்றி, நம் அரசாங்கமும் தூரத்துக் குளிர்நாடு ஒன்றின் அரசாங்கமும் ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களாம். அந்த நாட்டுக்காரர்கள் பல காலமாகக் கடலில் எண்ணெய் எடுத்துப் பழகியவர்கள். நமக்கோ எங்கள் கரைக்குத் தெற்கே உள்ள கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எண்ணெய் தேடக் கம்பெனிகளுக்குக் கொடுக்க வேண்டும். விதி அவர்களுடையது, கடல் நம்முடையது. எந்தக் கட்டத்தையும் கொடுப்பதற்கு முன்னால் அங்கே மீன் பிடிக்கிறவர்களைக் கேட்க வேண்டும் என்பது விதிகளில் ஒன்று. கேட்பதை ஆங்கிலத்திலும் தமிழிலும் மாற்றிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அதுவும் கடற்கரைப் பேச்சு புரிகிற ஆள் வேண்டும் என்றார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறைப்பானேன், பீரோவில் இருந்த நல்ல பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு போனேன். எங்கள் ஆட்களை எவன் எதைக் கேட்டிருக்கிறான்? துறைமுகம் கட்டும்போது கேட்டார்களா, மணல் அள்ளும்போது கேட்டார்களா? இவர்களாவது கேட்கிறார்களே, அதையும் என் வாய் வழியாகக் கேட்கிறார்களே என்று நினைத்தேன்.

குளிர்நாட்டு அதிகாரி ஓர் அம்மாள். என் வயதுதான் இருக்கும். நல்ல மனுஷி, அதை நான் மறுக்க மாட்டேன். "எங்கள் கடலில் ஆட்கள் செத்த பிறகுதான் எங்களுக்கு விதி எழுதத் தோன்றியது. உங்கள் நாட்டில் ஆள் சாவதற்கு முன்னாலேயே எழுதிவிட வேண்டும்" என்று தேநீர் குடிக்கும்போது என்னிடம் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. இந்த மாதிரி ஆட்கள் கையில் கடல் இருந்தால் பயமில்லை என்று அப்போது எனக்குப் பட்டது.

கூட்டம் நாகர்கோவிலில் ஒரு ஓட்டல் அரங்கில் நடந்தது. எங்கள் ஊர், கிழக்கே உள்ள ஊர், மேற்கே உள்ள ஊர் என்று கரை முழுவதிலிருந்தும் ஆட்களைக் கூப்பிட்டு, ஒரே அறையில் உட்கார வைத்திருந்தார்கள். சுவரளவுக்கு ஒரு கடல் வரைபடம் மாட்டியிருந்தது. ஆளுக்கு நான்கைந்து சிவப்புப் பொட்டுகள் கொடுத்து, நீங்கள் மீன் பிடிக்கிற இடத்தில் ஒட்டுங்கள் என்றார்கள்.

மாதாவே! எவனாவது ஒட்டுவானா? பத்து ஊர்க்காரன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தன் பாரைச் சுவரில் காட்டிவிட்டு எவனாவது வீட்டுக்குப் போவானா? எல்லோரும் பொட்டுகளைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் கிழக்கூர்த் தலைவர் எழுந்தார். கரையை ஒட்டி, பிள்ளைகள் குளிக்கிற தூரத்தில் ஒரு பொட்டை ஒட்டினார். அவ்வளவுதான், எல்லோருக்கும் வழி கிடைத்துவிட்டது. வரிசையாக வந்து அவர் பொட்டின் பக்கத்திலேயே ஒட்டினார்கள். கரையோரம் முழுவதும் அம்மை போட்டது போலச் சிவந்துவிட்டது. என் தம்பியும் வந்தான். சேற்றைத் தவிர வேறெதுவும் இல்லாத ஓர் இடமாகப் பார்த்து ஒட்டினான். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் வெளிக்கடலைக் காட்டி, "இதற்கு அப்பால் யாரும் போவதில்லையா?" என்று கேட்டாள். நான் தமிழில் சொன்னேன்.

கிழக்கூர்த் தலைவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "அங்க என்ன கெடக்கு? வெள்ளமும் காத்தும்தான்" என்றார்.

அரங்கமே சிரித்தது. தண்ணீரும் காற்றும்தான் என்று நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவளும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஊர் ஊராகத் தனித்தனியே கூப்பிட்டுக் கேளுங்கள் அம்மா, இப்படிக் கூட்டி வைத்துக் கேட்டால் சாகும்வரை ஒருவனும் சொல்ல மாட்டான் என்று அவள் காதில் போட எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? மொழிபெயர்ப்பவர் சொந்தக் கருத்து சொல்லக்கூடாது என்று காலையிலேயே ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று அதை மதித்தேன். எந்தத் தாளை மதிக்கவேண்டும், எதைக் கிழிக்கவேண்டும் என்று இத்தனை படித்தும் எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் முடிந்து தம்பியோடு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஏலே, சேத்துல கொண்டு பொட்ட ஒட்டிட்டு வாறியே, ஒனக்கு வெக்கமா இல்லியா?"

"பின்னே, கிழக்கூர்க்காரனுக்க முன்ன வச்சு எனக்க பாரக் காட்டச் சொல்லுகியா? நாளைக்கு விடியதுக்குள்ள அவன் அங்க நங்கூரம் போட்டுருவான்."

"எண்ணெய்க்காரன் வந்தா என்ன செய்வ?"

"எண்ணெய்க்காரன் வரும்போ வரட்டு. கிழக்கூர்க்காரன் நாளைக்கே வருவான், கேட்டியாக்கா."

அவனைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவன் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

அடுத்த நாள் மீனவர்களோடு படகில் போய்க் கடலைப் பார்ப்பதாகத்தான் திட்டம். காற்று பலமாக இருக்கிறது என்று நம் அதிகாரிகள் அதை ரத்து செய்துவிட்டு, விருந்தாளிகளைத் திற்பரப்பு அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் எல்லாப் படகும் கடலுக்குப் போயிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடலைப் பற்றி விதி எழுத வந்தவர்கள் அருவியில் குளித்துவிட்டுப் போனார்கள். நானும் கூடப் போனேன், அருவியின் தலபுராணத்தை மொழிபெயர்க்க.

சில மாதங்கள் கழித்து அறிக்கை வந்தது. இரண்டு அரசாங்கங்களின் முத்திரையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அட்டையில் இருந்தது. உள்ளே கடலின் நடுவில் நீலக் கட்டம். அதற்குக் கீழே ஒரு வரி: இந்தப் பகுதியில் குறிப்பிடத்தக்க மீன்பிடிப்பு இல்லை என்று மீனவர்களே தெரிவித்தனர். அடுத்த வரி: சர்வதேசத் தரத்தின்படி கலந்தாய்வு நடத்தப்பட்டது. எண்ணெய் தேடும் கப்பல் வந்ததும் மற்றப் படகுகள் அந்தக் கட்டத்துக்குள் நுழையக்கூடாது என்று மூன்றாவது வரி சொன்னது.

தம்பிக்குப் போன் போட்டு, கட்டத்தின் நான்கு மூலைகளுக்கும் கொடுத்திருந்த எண்களை வாசித்தேன். மூன்றாவது மூலை வரைக்கும் "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான்காவதுக்கு நோட்டைப் புரட்டும் சத்தம்தான் கேட்டது.

"லேய், கேக்குகியா?"

"கேக்குகேன்."

"உள்ளயா, வெளியயா?"

"நடுவுல, அக்கா" என்றான்.

அன்றைக்கே எழுத ஆரம்பித்தேன். முதலில் நம் துறைக்கு. மீனவர்கள் சொன்னது சரியில்லை, ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதற்குக் காரணம் இது, அறிக்கையைத் திருத்துங்கள் என்று எழுதினேன். பதில் வந்தது: இது இரு அரசுகளின் கூட்டு அறிக்கை, ஒரு தரப்பு மட்டும் திருத்த இயலாது. சரி என்று குளிர்நாட்டுக்கு எழுதினேன். இரண்டே நாளில் பதில். உங்கள் அக்கறையை மதிக்கிறோம், நாங்கள் ஆலோசனை மட்டுமே வழங்குகிறோம், முடிவு உங்கள் நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது.

இறையாண்மையாம்! கட்டம் வரையும்போது அது எங்கே போயிருந்தது? திற்பரப்பில் குளித்துக்கொண்டிருந்ததா? சேர்ந்து உட்கார்ந்து எழுதத் தெரிந்தவர்களுக்குச் சேர்ந்து உட்கார்ந்து அழிக்கத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வீட்டாரும் ஒரே இலையில் சாப்பிடுவார்கள், பிரச்சினை என்று வந்தால் "அது உங்க பிள்ளை" என்பார்கள், அது போல இருந்தது. நான் விடவில்லை. அவர்கள் கடிதத்தை இவர்களுக்கும், இவர்கள் கடிதத்தை அவர்களுக்கும் அனுப்பினேன். கல்லூரி விட்டு வந்ததும் அடுக்களை மேசையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகிறவர், நாஞ்சில்நாட்டு வயல்காரக் குடும்பம், கடல் என்றாலே கன்னியாகுமரியில் காலை நனைப்பதுதான் அவருக்கு. "ஒரு பாறாங்கல்லுக்கு இவ்வளவு பாடா?" என்று ஒருநாள் கேட்டார். "உங்க வயல்ல யாராவது கட்டம் போட்டா தெரியும்" என்றேன். அதற்கப்புறம் அவரே சோறு வடித்தார்.

கடைசியில் அவர்களுக்கே அலுத்துப்போயிருக்க வேண்டும். கூட்டுக் குழு காணொளி வழியாக எங்கள் தரப்பைக் கேட்கும் என்று தகவல் வந்தது. ஆனால் வாய்ப்பேச்சு செல்லாதாம். பார் இருக்கும் சரியான இடத்தை எண்ணோடு, மீன் பிடித்ததற்கு ஆதாரத்தோடு, எழுத்தில் தரவேண்டும். அப்போதுதான் பரிசீலிப்பார்கள்.

தம்பி கோட்டாற்றுக்கு வந்தான். நோட்டைக் கொண்டுவந்திருந்தான். நெடுநேரம் அதைத் திறக்கவில்லை.

"வேற வழி இல்லியா?"

"இல்ல மக்கா. இடத்தச் சொல்லலன்னா கட்டம் அப்படியேதான் கெடக்கும். கப்பல் வந்தா நீ அங்க போக முடியாது."

"சொன்னா?"

"சொன்னா கட்டத்த மாத்துவாவ."

நோட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான். பிறகு "செரி" என்றான்.

ஒரு அலுவலகத்தின் ஏசி அறையில்தான் காணொளி. பெரிய திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். குளிர்நாட்டு அம்மாள் இருந்தாள். நம் துறையிலிருந்து மூன்று பேர். பக்கத்துத் தீவு நாடுகளிலிருந்தும் ஆட்கள் பார்வையாளர்களாக இருந்தார்கள். எண்ணெய் கசிந்தால் அவர்கள் கரைக்கும் போகுமாம், அதனால் அவர்களுக்கும் இதில் பங்கு உண்டாம். எண்ணெய் போகக்கூடிய இடத்துக்கெல்லாம் நாற்காலி போட்டிருக்கிறார்கள் பாருங்கள். மீன் இருக்கிற இடத்துக்காரன், கூப்பிடும்வரை ஒரு மணி நேரம் வராந்தாவில் நின்றான்.

உள்ளே வந்ததும் தம்பி என் காதருகே குனிந்தான். "அக்கா, இத எழுதிக் குடுத்தா எங்க வைப்பாவன்னு கேளு."

கேட்டேன். அந்த அம்மாள் தன் பக்கத்தில் இருந்தவரோடு பேசிவிட்டு, "ஒப்பந்தத்தில் உள்ளபடி கையாளப்படும்" என்றாள். நம் அதிகாரிகளும் தலையாட்டினார்கள். அவள் முகத்தைப் பார்த்தேன். தேநீர் குடிக்கும்போது கண் கலங்கிய அதே முகம்தான்.

"பத்திரமா வச்சுக்கிடுவாவ, மக்கா" என்று தம்பியிடம் சொன்னேன்.

அவன் நோட்டைத் திறந்தான். மனதுக்குள் கழித்துக் கழித்து, ஒரு வெள்ளைத் தாளில் எண்களை எழுதினான். ஓர் இடத்தில் தப்பாக எழுதி அடித்துத் திருத்தினான். எழுதும்போது அறையில் நின்ற பியூனுக்குத் தெரியாதபடி இடது கையால் தாளை மறைத்துக்கொண்டான். எழுதி முடித்ததும் தாளை என்னிடம் தரவில்லை. நான் கையை நீட்டி எடுக்கவேண்டியிருந்தது. அதையும் மீன் விற்ற ரசீதுகளையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

இதைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள், நாங்கள் ஜெயித்தோம். ஆறு வாரத்தில் திருத்திய அறிக்கை வந்தது. நீலக் கட்டத்தின் நடுவில் ஒரு துண்டை வெட்டி, பார் இருக்கும் இடத்தை வெளியே விட்டிருந்தார்கள். மீனவரின் சான்றை ஏற்று என்று எழுதியிருந்தது. தம்பி ஒரு முழுக் கலவாயைப் பனிக்கட்டியில் வைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினான். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். வீட்டுக்காரர் மூன்று தடவை சோறு வாங்கினார். கல்லூரியில் ஆசிரியர் அறையில் நின்று, ஒரு பொம்பளையும் ஒரு தூண்டில்காரனும் சேர்ந்து இரண்டு அரசாங்கத்தைத் திருத்திவிட்டோம் என்று பீற்றிக்கொண்டேன். நாக்கில் சனி என்பது அதுதான்.

அடுத்து வந்தது தம்பி மனைவியின் போன். அவள் புதுக்கடைச் சந்தையில் மீன் விற்கிறவள். எடுத்ததுமே சிரித்தாள், அது நல்ல சிரிப்பாக இல்லை.

"மைனி, ஒங்க தம்பியக் கட்டி இருவது வருஷம் ஆச்சு. எனக்கிட்ட ஒருநாள் சொன்னதுண்டா, பார் எங்கன்னு? இஞ்ச மீன் வாங்க வந்த ஒரு வியாபாரி, 'இது ஒனக்க மாப்பிளைக்க பாராமே'ன்னு போனத் தூக்கிக் காட்டுகான். பெண்டாட்டிக்குச் சொல்லாத நம்பரு சந்தையில கெடக்கு, மைனி."

வியாபாரிக்கு அது ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கிறது. குழுவுக்கு எங்கிருந்து வந்தது என்று தேட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. திருத்திய அறிக்கையின் கடைசியில், நான் ஜெயித்த மிதப்பில் திறந்தே பார்க்காத பின்னிணைப்பில், தம்பி எழுதிய தாள் அப்படியே இருந்தது. அவன் அடித்துத் திருத்திய எண்ணும் அப்படியே. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகுதான் ஒப்பந்தத்தை முழுவதும் படித்தேன். குழுவுக்கு வரும் சான்றுகள் எல்லாவற்றையும் பொதுவில் வைக்கவேண்டும் என்று கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் இருந்தது. நல்ல விதிதான், யார் இல்லையென்றார்கள்? எண்ணெய்க் கம்பெனிகள் எதையும் ஒளிக்கக்கூடாது என்று அந்தக் குளிர்நாட்டில் போராடி வாங்கிய விதியாம். ஒளித்து வைத்தால் மட்டுமே பிழைக்கக்கூடியவன் ஒருத்தன் உலகத்தில் இருப்பான் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. நம் ஆட்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த விதியை வரி மாறாமல் நகலெடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களை மன்னிக்க எனக்கு மனமில்லை.

ஒரு வாரத்துக்குள் பெரிய படகுகள் வந்துவிட்டன. எங்கள் மாவட்டத்துப் படகுகள்கூட இல்லை. நாள் கணக்காகக் கடலில் தங்கிப் பிடிக்கிற விசைப்படகுகள், அடியில் இரும்பு உருளை கட்டிய வலைகளோடு வந்தன. பாறையில் மாட்டிக் கிழியாமல் உருண்டு போவதற்குத்தான் உருளை. பாரின் மேல் இருப்பதை எல்லாம் அது வழித்துக்கொண்டு போகும். மூன்று முறை தம்பி போய்ப் பார்த்துவிட்டு, நான்காவது முறை போகவில்லை.

நம் துறை அதிகாரிக்குப் போன் செய்தேன். "மேடம், ஒப்பந்தம் தர்ற பாதுகாப்பு எண்ணெய், எரிவாயு வேலைக்கு எதிராத்தான். மீன்பிடிப் படகெல்லாம் வேற துறை" என்றார். ஒரு கப்பலைத் தடுக்க இரண்டு அரசாங்கம் கூடியது, பக்கத்துத் தீவுக்காரன் கூடினான், படகைத் தடுக்க ஒரு போலீஸ்காரன்கூட இல்லையா என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? அடுத்த மாதம் கிழக்கே உள்ள கட்டங்களுக்குக் கலந்தாய்வு இருக்கிறதாம். என் தம்பி விஷயத்தை வெற்றிகரமான முன்மாதிரியாக அங்கே காட்டப்போகிறார்களாம். மொழிபெயர்க்க நான் வரமுடியுமா என்று கேட்டார். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ஆங்கிலத்தில் இல்லை, சுத்தமான கடற்கரைத் தமிழில். அவருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டிய தேவை இருந்திருக்காது.

குளிர்நாட்டு அம்மாளுக்கும் எழுதினேன். உண்மையிலேயே வருந்தி எழுதியிருந்தாள். அந்தத் தாளை எடுக்க இரு தரப்பின் ஒப்புதலும் வேண்டும், அடுத்த கூட்டுக் கூட்டத்தில் வைக்கிறேன் என்றாள். அந்தக் கூட்டம் நடக்க இன்னும் அரை வருஷம் இருந்தது. அதற்குள் அந்தப் பாரில் பாசியாவது மிஞ்சுமா?

அந்தக் கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து தம்பி என் வீட்டுக்கு வந்தான். காப்பி கொடுத்தேன். நான் மடிக்கணினியைத் திறந்து, அவர்கள் இப்படி எழுதியிருக்கிறார்கள், நான் இப்படிப் பதில் எழுதப்போகிறேன், கோர்ட்டுக்குப் போகலாம், பத்திரிகைக்குப் போகலாம் என்று படபடவென்று பேசிக்கொண்டே போனேன். ஒருத்தரையும் விடமாட்டேன் என்றேன். அவன் காப்பியை முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு மக்கா."

"அன்னைக்கு அந்த ரூம்ல, பத்திரமா வச்சுக்கிடுவாவன்னு சொன்னியே. அது அவிய சொன்னதா, நீயா சொன்னதா?"

இத்தனை நாளாக எல்லோர் மேலும் காட்டிக்கொண்டிருந்த கோபத்தில் ஒரு துளிகூட அப்போது என் கைக்கு வரவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

"செரி" என்று சொல்லிவிட்டு எழுந்து, வாசலில் செருப்பைத் தேடினான்.